பதினாலு வண்டியும் ஒரு ஹேண்ட்பிரேக்கும்

எனக்குக் கோபம் வரும். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நடுவுல யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. பதினெட்டு வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து அடுத்தவங்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் கோபம் வரலைன்னாதான் டாக்டர்கிட்ட காட்டணும். என் டிரைவிங் ஸ்கூல் வண்டியில என் பக்கமும் ஒரு பிரேக் பெடல் இருக்கு. அதை அமுக்கி அமுக்கி, பஸ்ல போனாக்கூட என் கால் தானா தரையை அமுக்கும். தூக்கத்துல எங்க வீட்டுக்காரரை ரெண்டு தடவை உதைச்சிருக்கேன். அதுல ஒண்ணு மட்டும்தான் தெரியாம உதைச்சது.

எங்க தெருவுல முக்கால்வாசிப் பேருக்கு நான்தான் ஓட்டக் கத்துக்கொடுத்தேன். மாஸ்டரம்மான்னுதான் கூப்பிடுவாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் என்கிட்ட கத்துக்கலை. பொண்டாட்டிகிட்ட போய்க் கத்துக்கிறதான்னு ஊரைச் சுத்தி வேற யார்கிட்டயோ கத்துக்கிட்டு வந்தார். என்ன லட்சணமா கத்துக்கிட்டார்ங்கிறது போகப் போகத் தெரியும்.

தெரு ஒரே சரிவு. மேல் முனையில சுவர். கீழ் முனையில மெயின் ரோடு. ரோட்டைத் தாண்டினா நேர் எதிர்ல ஒரு கண்ணாடிக்கடை. ஆளுயரக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, மேசைக்குப் போடற கண்ணாடின்னு எல்லாத்தையும் வாசல்லயே சாத்தி வெச்சிருப்பார் அந்தக் கடைக்காரர். இப்படி ஒரு தெருவுல வண்டியை எப்படி நிறுத்தணும்னு நான் தொண்டை கிழியச் சொல்லியிருக்கேன். முதல்ல கால் பிரேக். அப்புறம் ஹேண்ட்பிரேக்கை மேல இழுத்து, டக் டக்னு கேக்குதே, அதை எண்ணு. ஆறு, ஏழுக்குள்ள இறுகணும். அப்புறம் காலை மெதுவா எடுத்து, வண்டி நகருதான்னு பாரு. நகரலைன்னா ரிவர்ஸ் கியரைப் போட்டு, முன் சக்கரத்தை நடைபாதைப் பக்கம் திருப்பி வெச்சிட்டு இறங்கு. இதுல எந்த இடத்துல கஷ்டம் இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம், என் வண்டியைத் தெருவோட கீழ் முனையில, வரிசைக்கு முதல் வண்டியா, இதே மாதிரி எல்லாம் பண்ணி நிறுத்திட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில குளியலறையில வழுக்கி மணிக்கட்டு ரெண்டா போச்சு. கட்டு, ஊசி, அப்புறம் பந்தை அமுக்கிற பயிற்சி, அது இதுன்னு அஞ்சு மாசம் ஓடிடுச்சு. வண்டி நின்ன இடத்துலயே நின்னுது.

அந்த அஞ்சு மாசத்துல ரெண்டு விஷயம் என் கண்ணுல பட்டது. ஒண்ணு, தெருவுல எல்லா வண்டியும் முன்னாலயும் பின்னாலயும் முட்டிக்கிட்டு நிக்கிறது. இடத்துக்கு அவ்வளவு நெருக்கடி போலன்னு விட்டுட்டேன். இன்னொண்ணு, கண்ணாடிக்கடைக்காரர் தினம் காலையில கடையைத் திறக்கிறதுக்கு முன்னாடி என் வண்டிகிட்ட வந்து, ஜன்னல் வழியா உள்ள எட்டிப் பாத்து, பானெட்டை ரெண்டு தட்டு தட்டிட்டுப் போவார். கை உடைஞ்சவ வண்டியை இப்படிப் பாத்துக்கிறாரே, எவ்வளவு நல்ல மனுஷன்னு நான் உருகிப்போயிருந்தேன்.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். என் வண்டியோட தகுதிச் சான்றிதழுக்கு அதுதான் கடைசி நாள். மத்தியானம் மூணு மணிக்குள்ள சோதனை நிலையத்துல வண்டியைக் காட்டி கையெழுத்து வாங்கணும். வாங்கலைன்னா ஸ்கூலோட அனுமதி போயிடும். மறுபடி முதல்லேருந்து விண்ணப்பம், அலைச்சல், குறைஞ்சது ஒரு வருஷம். அஞ்சு மாசம் வீட்டுல உக்காந்ததுக்கே நான் ஜன்னல்ல நின்னு தெருவுல போறவங்களுக்கெல்லாம் "இண்டிகேட்டர் போடு"ன்னு கத்த ஆரம்பிச்சிருந்தேன். இன்னும் ஒரு வருஷம்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும். அந்த சீட்டுல உக்காரலைன்னா நான் யாருன்னு எனக்கே தெரியலை, உண்மையைச் சொல்றேன்.

முந்தின நாளே பேட்டரிக்கு சார்ஜ் போட்டு வெச்சிருந்தேன். காலையில ஒன்பது மணிக்குப் போய் உக்காந்து, கால் பிரேக்கை அமுக்கி, ஸ்டார்ட் பண்ணி, கியரை எடுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கினேன். அவ்வளவுதான். பின்னாலேருந்து யாரோ முதுகுல கை வெச்சுத் தள்ளின மாதிரி மொத்த வண்டியும் முன்னால குனிஞ்சது. என் கால் மேல தெருவே ஏறி உக்காந்துடுச்சு. எதிர்ல கண்ணாடிக்கடைக்காரர் பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டார். ஒரே ஓட்டமா ரோட்டைத் தாண்டி வந்து, என் பானெட் மேல ரெண்டு கையையும் ஊனி, என்னைத் திரும்பத் தள்ளப் பாத்தார். அந்த மனுஷன் மொத்தமே அம்பது கிலோ இருப்பார்.

ஹேண்ட்பிரேக்கைத் திரும்ப இழுத்து, ரிவர்ஸ் கியரையும் போட்டுட்டு இறங்கி, தெருவை மேல வரைக்கும் நடந்து பாத்தேன். எனக்குப் பின்னால பதினாலு வண்டி. ஒவ்வொண்ணும் அடுத்ததோட முதுகுல சாய்ஞ்சுக்கிட்டு நிக்குது. முட்டற இடத்துல உரசாம இருக்க, பழைய டயரை வெட்டி அழகா கட்டியிருக்காங்க. பதினாலு வண்டியில ஒண்ணுலகூட ஹேண்ட்பிரேக் போடலை. கியர்கூட இல்லை. பல் டாக்டரம்மா வண்டியில ஹேண்ட்பிரேக் லீவர்ல கைப்பை தொங்குது. கணக்கு வாத்தியார் வண்டி லீவருக்கு அவர் மனைவி கம்பளிநூல்ல உறை பின்னிப் போட்டிருக்காங்க. ஒருத்தர் ஃப்ளாஸ்க் வைக்க இடம் வேணும்னு லீவரையே கழட்டிட்டார்.

கேட்டா, கணக்கு வாத்தியார் எனக்கே பாடம் எடுக்கிறார். கீழே ஒரு நல்ல பிரேக் இருக்கிறப்ப மேல பதினாலு பேர் தனித்தனியா இழுக்கிறது வீண் உழைப்பாம். அவர் பேப்பர்ல போட்டுப் பாத்திருக்காராம், என் வண்டி தாங்குமாம். இவரை எட்டு தடவை ரோட்டுல கூட்டிக்கிட்டுப் போய் ஹேண்ட்பிரேக் சொல்லிக்கொடுத்தவ நான்.

சரி, இதை முதல்ல ஆரம்பிச்சது யாருன்னு பாத்தா, என் வண்டிக்கு நேர் பின்னால முட்டிக்கிட்டு நின்னது எங்க வீட்டுக்காரரோட வண்டி. அவர்தான் தெருச் சங்கத்துக்குச் செயலாளர். நான் சத்தம் போட்டதும் ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு வந்தார். அதுல சங்கத்துப் பொருள்னு ஒரு பட்டியல். தண்ணி மோட்டார் ஒண்ணு. பிளாஸ்டிக் நாற்காலி பதினாறு. ஏணி ஒண்ணு. நாலாவதா, மாஸ்டரம்மா ஹேண்ட்பிரேக் ஒண்ணு, நல்ல நிலையில். கீழே இவரோட கையெழுத்து. பொதுப் பொருளைத் தெருவை விட்டு வெளிய எடுத்துக்கிட்டுப் போகணும்னா பொதுக்குழுவைக் கூட்டணும்னு என்கிட்டயே சொல்றார். கட்டின பொண்டாட்டிகிட்ட.

என் வாய்க்கு என்னென்ன வந்ததுன்னு இங்க எழுத முடியாது. மேல் முனை வீட்டுல ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்கன்னு மட்டும் சொல்றேன்.

ஆத்திரம் அடங்கினதும் வழி சொன்னேன். எல்லாரும் ஹேண்ட்பிரேக்கை இழுங்கன்னேன். இழுத்தா பாதிக்கு மேல பிடிக்கவே இல்லை, துருப்பிடிச்சும் தளர்ந்தும் கிடக்கு. கியரைப் போட்டா நிக்கும்னேன். நிக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கன்னார் கண்ணாடிக்கடைக்காரர். ஒருத்தரும் பேனாவைத் தொடலை. சக்கரத்துக்குக் கல் வைங்கன்னேன். ஸ்கூட்டர் தடுக்கி விழுதுன்னு போன வருஷமே சங்கத்துல தீர்மானம் போட்டுக் கல்லைத் தடை பண்ணியாச்சாம், நம்ம செயலாளர்தான். அப்ப வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் வேற தெருவுல விடுங்கன்னா, நிறுத்தற இடம் போயிடும்னு அத்தனை பேரும் ஒரே குரல்ல மறுத்துட்டாங்க.

மணி ஒன்பதே முக்கால். கடைசியா ஒரே வழிதான் இருந்தது. ஆளுக்கு ஆள் அவங்கவங்க வண்டியில ஏறி உக்காந்து கால் பிரேக்கை அமுக்கறது. நான் போயிட்டு வர்ற வரைக்கும் யாரும் காலை எடுக்கக் கூடாது. ஒரு வண்டிக்காரர் மட்டும் வெளியூர்ல இருந்தார். அந்த வண்டிக்கும் சேத்து அதுக்கு முன்னால இருந்த பல் டாக்டரம்மா ரெண்டு காலாலயும் அமுக்கறதா ஒத்துக்கிட்டாங்க. பதிமூணு பேர் உக்காந்தாங்க. நான் கை தட்டினேன், அமுக்கினாங்க. நான் கியரை எடுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, வண்டியை ரோட்டுக்கு எடுத்தேன். எனக்குப் பின்னால தெரு நின்னுது.

சோதனை நிலையத்துல லைட், ஹாரன், டயர் எல்லாம் சரியா இருந்தது. கடைசியா சரிவு மேடை. ஏறி நடுவுல நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, காலை எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அதிகம் பேசாத மனுஷன். நான் இழுத்தேன். ஏழுல நிக்க வேண்டியது நிக்கலை. எட்டு, ஒன்பது, பத்து. பதிமூணு டக் வரைக்கும் எண்ணினேன். காலை எடுத்தா, ஒரு மூச்சு நேரம் நின்னு, அப்புறம் மெதுவா, வெக்கப்படற மாதிரி கீழே நகர ஆரம்பிச்சது.

இன்ஸ்பெக்டர் ஜன்னல்ல குனிஞ்சு பாத்தார்.

"கேபிள் இப்படி இழுபட்டிருக்கே, இதை வெச்சு எதைம்மா நிறுத்தி வெச்சிருந்தீங்க?"

"ஒரு தெருவை, சார்."

அவர் வாட்ச்சைப் பாத்தார், மணி பதினொண்ணரை. மூணு மணிக்குள்ள சரி பண்ணிக்கிட்டு வரச் சொன்னார். மூணு அடிச்சா ஃபைலை மூடிடுவேன், அதுக்கு மேல என் கையில எதுவும் இல்லைன்னார்.

வாசல்லயே ஒரு மெக்கானிக் கடை போட்டிருந்தார். பின் சக்கரத்தைக் கழட்டி, பிரேக் கட்டையைத் தேய்ச்சு, புது கேபிள் போட மூணு மணி நேரம் ஆகும்னார். அந்த மூணு மணி நேரமும் என் போன் அடிச்சுக்கிட்டே இருந்தது. எல்லாம் எங்க வீட்டுக்காரர்தான். கால் மரத்துப்போச்சுன்னார். அடுத்த தடவை, கால் இருக்கிறதே தெரியலைன்னார். அதுக்கடுத்த தடவை தெரு நிலவரம் சொன்னார். பல் டாக்டரம்மா பேஷண்டைப் பக்கத்து சீட்டைச் சாய்ச்சுப் படுக்க வெச்சு, பெடல்ல காலும் வாயில கையுமா ஒரு பல்லைப் பிடுங்கிட்டாங்களாம். அந்த நேரத்துல வண்டி ரெண்டு விரக்கடை நகர்ந்து, அத்தனை பேரும் பெடல் மேல எழுந்தே நின்னுட்டாங்களாம். கணக்கு வாத்தியார் ஜன்னலுக்கு வெளிய பிள்ளைங்களை நிக்க வெச்சு டியூஷன் எடுக்கிறாராம். சாப்பாடெல்லாம் ஜன்னல் வழியாத்தான் போகுதாம். கண்ணாடிக்கடைக்காரர் மேலயும் கீழயும் நடந்து, ஒவ்வொரு ஜன்னல்லயும் குனிஞ்சு, காலை எண்ணிக்கிட்டு இருக்காராம்.

என்னைக் கேட்டா, பாவமா இருந்ததா? ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம், அஞ்சு மாசம் என் வண்டி இப்படித்தானே உக்காந்திருந்ததுன்னு தோணினதும் அது போயிடுச்சு.

ரெண்டே முக்காலுக்குத் திரும்ப மேடை ஏறினேன். மணிக்கட்டு லேசா வலிச்சது. அஞ்சு, ஆறு, ஏழு. கல்லு மாதிரி இறுகிடுச்சு. காலை எடுத்தேன். இன்ஸ்பெக்டர் பின்னால போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பாத்தார், அசையலை. கையெழுத்துப் போட்டு, அந்தத் தெரு எங்க இருக்குன்னு மட்டும் கேட்டார். சொன்னேன். இனிமே அந்தப் பக்கம் நடந்துகூட போகமாட்டேன்னார். காகிதத்தைக் கையில வாங்கினதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மெக்கானிக் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டார். நல்ல ஆளா இருக்காரேன்னு, கேபிள் சுருளும் ஸ்பேனர் பையுமா அவரையும் வண்டியில ஏத்திக்கிட்டுத் தெருவுக்குத் திரும்பினேன்.

கீழ் முனையில என் இடத்தைப் பெருக்கித் தண்ணி தெளிச்சு, சாக்பீஸால கட்டம் போட்டு வெச்சிருந்தாங்க. வண்டி தெரிஞ்சதும் பதிமூணு முகத்துலயும் அப்படி ஒரு வெளிச்சம். கண்ணாடிக்கடைக்காரர் ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கட்டத்துக்குள்ள வழி காட்டினார். நான் கட்டத்தைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம், அவர் கடைக்குப் பக்கத்துச் சமதரையில கொண்டுபோய் நிறுத்தினேன். கைகாட்டின கை அப்படியே நின்னுடுச்சு.

மெக்கானிக் தெருவை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டை வெச்சிருந்தா போதுமேன்னார்.

அத்தனை தலையும் செயலாளர் பக்கம் திரும்பிச்சு. தீர்மானத்துல கல்லுன்னுதான் இருந்தது, கட்டைன்னு இல்லை. ஆறு மணி நேரமா பதிமூணு பேர் காலை மடக்காம உக்காந்திருக்காங்க, ஒருத்தருக்கும் தோணலை. எனக்கும்தான் தோணலை, அதை விடுங்க.

கட்டை வந்தது. வெளியூர்க்காரர் வண்டிக்கு ரெண்டா வெச்சோம். ஆனா நான் யாரையும் இறங்க விடலை. தெரு நடுவுல நின்னு, மேலேருந்து ஒவ்வொரு வண்டியா பாடம் எடுத்தேன். காலை அமுக்கு, இழு, சத்தமா எண்ணு. பிடிக்காத வண்டிக்கு மெக்கானிக் லீவருக்கு அடியில இருந்த நட்டை இறுக்கினார். கழட்டின லீவரை ஃப்ளாஸ்க்காரர் வீட்டுப் பரணிலேருந்து எடுத்துக்கிட்டு வந்தாங்க. கணக்கு வாத்தியார் கம்பளி உறையைக் கழட்டிட்டு ஆறு வரைக்கும் எண்ணினார், அவர் குரல் உடைஞ்சிருந்தது. சரியா நின்ன வண்டியிலேருந்து ஒவ்வொருத்தரா இறங்கி, நடக்க வராம சுவரைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க.

கடைசியா எங்க வீட்டுக்காரர் வண்டி. இப்ப அதுதான் வரிசைக்கு முதல் வண்டி. அவர் லீவரை இழுத்தார். ஒரு டக் கூட இல்லை, பம்பு அடிக்கிற மாதிரி மேல போயிட்டுத் தொப்புன்னு விழுந்தது. கேபிள் அறுந்து எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டார் மெக்கானிக். இவர் ஸ்டியரிங்கைப் பாத்துக்கிட்டு இருந்தார். மெக்கானிக் அடியில படுத்து, ஒரு மணி நேரம் போராடிப் புது கேபிள் போட்டுக் கொடுத்துட்டு, முன் சக்கரத்துக் கட்டையையும் எடுத்துட்டுக் கிளம்பினார். நான் போய்ப் பக்கத்து சீட்டுல உக்காந்தேன். கல்யாணம் ஆன இருபத்திரெண்டு வருஷத்துல அவர் வண்டியில என்னை வாத்தியாரா உக்கார விட்டது அன்னைக்குத்தான்.

"எத்தனை டக்கு வரணும்?"ன்னார், என்னைப் பாக்காம.

ஏழுன்னேன். இழுத்தார். ஏழுல இறுகிடுச்சு. இப்ப காலை எடுங்கன்னேன். எடுக்கலை. கண்ணாடிக்கடையில சாத்தியிருந்த ஆளுயரக் கண்ணாடி அத்தனையிலயும் நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கிறது தெரிஞ்சது.

"இன்னைக்கு ஒரு நாள் உன் வண்டியை முன்னால கொண்டுவந்து விடேன்."

"மாட்டேன்."

லீவரை விரலால தடவினார். அப்புறம் மெதுவா சொன்னார்.

"ரெண்டு வருஷமா அறுந்து கிடக்கு. உன் வண்டி பின்னாலயேதான் நிறுத்துவேன். நீதான் இருக்கியேன்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதோடயே, ஏன்னு தெரியலை, அவரோட அந்த நோட்டும் கண்ணு முன்னால வந்தது. தண்ணி மோட்டார், நாற்காலி, ஏணி, நான். இவர் மனசுலயும் அந்த நோட்டுல இருக்கிற மாதிரித்தான் என்னை எழுதி வெச்சிருக்கார், நல்ல நிலையில்னு. அஞ்சு மாசம் கை உடைஞ்சு கிடந்தவளை.

"காலை எடுங்க"ன்னேன்.

கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு எடுத்தார். வண்டி நின்னுது. கண்ணைத் திறந்து கண்ணாடிக்கடையைப் பாத்தார், என்னைப் பாத்தார், அப்புறம் குனிஞ்சு என் காலைப் பாத்தார். நானும் அப்பத்தான் பாத்தேன். அந்தப் பக்கம் பெடல் எதுவும் கிடையாது, வெறும் மிதியடிதான். அதை என் கால், கட்டைவிரல் மடங்கற அளவுக்கு அமுக்கிக்கிட்டு இருந்தது. எவ்வளவு நேரமான்னு எனக்கே தெரியாது.

நானும் காலை எடுத்தேன். அப்பவும் வண்டி நின்னுது.